தாம்பரம் சானடோரியம்: மருந்தே இல்லாத காலத்தில் ஒரு தமிழ் டாக்டர் கட்டிய மருத்துவமனை, இன்றைய ஆன்டிபயாடிக் காலத்துக்கு என்ன சொல்கிறது?

பீச் – தாம்பரம் மின்சார ரயிலில் தினமும் போய்வருகிறவர்களுக்கு அந்தப் பெயர் பழகிப்போயிருக்கும். குரோம்பேட்டை தாண்டினால், தாம்பரத்துக்கு முந்தைய ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். மெப்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் இறங்கும் இடம். தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கும் இங்கேதான் இறங்க வேண்டும்.

ஆனா, சானடோரியம்னா என்ன? அது ஏன் ஒரு ஸ்டேஷன் பெயரா ஆச்சு? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கை இருக்கிறது. டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரிமுத்து. அவர் வாழ்ந்த காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. இன்றைக்கு மருந்து இருக்கிறது. ஆனால் நாம் பயன்படுத்தும் விதத்தில் அது மெல்ல மெல்ல வேலை செய்யாமல் போய்க்கொண்டிருக்கிறது. அதனால்தான் இவர் கதையை இப்போது தெரிந்துகொள்வது அவசியம்.

யார் இந்த சவுரிமுத்து?

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து போய் மருத்துவம் படித்த வெகு சில இந்தியர்களில் ஒருவர் சவுரிமுத்து. படித்து முடித்ததும் ஊர் திரும்பவில்லை. அங்கேயே டாக்டராக இருந்தார். அவர் கையில் எடுத்தது அந்தக் காலத்தில் யாரும் எளிதில் தொடாத நோய்: காசநோய்.

இங்கிலாந்தின் சோமர்செட் மாவட்டத்தில் வெல்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் மெண்டிப் மலைத்தொடர் இருக்கிறது. அங்கே ஒரு சானடோரியத்தின் தலைமை மருத்துவராக இருந்தார். யோசித்துப் பாருங்கள்: பிரிட்டிஷ் ஆட்சி உச்சத்தில் இருந்த நேரம். அங்கே ஒரு தமிழர் ஆங்கிலேய நோயாளிகளுக்கு சிகிச்சை கொடுக்கிறார், மருத்துவ இதழ்களில் எழுதுகிறார், மாநாடுகளில் பேசுகிறார். காசநோய் பற்றி 1922-ல் அவர் வெளியிட்ட புத்தகம், திறந்தவெளி சானடோரியங்களில் 22 ஆண்டுகள் வேலை பார்த்த அனுபவத்தின் பதிவு. இந்தியாவின் பழைய மருத்துவ முறைகளைப் பற்றியும் தனியாக ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார்.

சானடோரியத்தில் என்ன சிகிச்சை?

காசநோய்க்குக் காரணமான பாக்டீரியாவை ராபர்ட் காக் 1882-லேயே கண்டுபிடித்துவிட்டார். எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. அதைக் கொல்லும் ஆயுதம்தான் இல்லை. அடுத்த 60 ஆண்டுகளுக்கும் அதே நிலைமைதான்.

அதனால் டாக்டர்கள் செய்தது இதுதான்: நோயாளியை ஊரை விட்டு, நெரிசலை விட்டு வெளியே கொண்டுபோவது. நல்ல காற்று, வெயில், முழு ஓய்வு. பால், முட்டை என்று சத்தான சாப்பாடு. கொஞ்சம் தேறியதும் அளவான நடை. மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில். உடம்பு தானாகவே நோயோடு போராட வழி செய்து கொடுப்பது. 1850-களில் ஜெர்மனியில் தொடங்கி உலகமெல்லாம் பரவிய முறை இது.

இதில் சிலர் தேறினார்கள், பலர் தேறவில்லை. சளியில் கிருமி இருக்கும் அளவுக்கு நோய் முற்றியவர்களில், மருந்து இல்லாத காலத்தில், ஏறத்தாழ பாதிப் பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள்.

சவுரிமுத்து கிருமியை மட்டும் குற்றவாளியாகப் பார்த்தவர் இல்லை. வறுமை, இருட்டு வீடுகள், காற்றோட்டம் இல்லாத தெருக்கள், சத்தில்லாத சாப்பாடு – இவையெல்லாம் சேர்ந்துதான் இந்த நோயை வளர்க்கின்றன என்பது அவர் நிலைப்பாடு. இதில் பாதி சரி, பாதி தவறு. அது எப்படித் தெரியவந்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

கப்பலில் கூட வந்த கணித மேதை

1914 மார்ச் 17. மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து எஸ்.எஸ். நெவாசா என்ற கப்பல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. அதில் கேம்பிரிட்ஜ் போய்க்கொண்டிருந்த 26 வயது இளைஞர் ஒருவர் இருந்தார்: சீனிவாச ராமானுஜன். அதே கப்பலில் டாக்டர் சவுரிமுத்துவும் பயணம் செய்தார்.

மூன்று ஆண்டுகள் கழித்து இருவரும் மறுபடி சந்தித்தார்கள், இந்த முறை நோயாளியும் டாக்டருமாக. 1917-ல் ராமானுஜன் கடுமையாக நோய்வாய்ப்பட்டார். போர்க்காலம். சைவச் சாப்பாடு சரியாகக் கிடைக்காத ஊர். காசநோயாக இருக்கலாம் என்று டாக்டர்கள் சந்தேகித்தார்கள். அவரை அனுப்பிய இடங்களில் ஒன்று சவுரிமுத்துவின் மெண்டிப் சானடோரியம். அங்கே ராமானுஜன் நீண்ட நாள் தங்கவில்லை. பிறகு வேறு சில மருத்துவமனைகளுக்கு மாறினார். 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32.

அவருக்கு வந்தது உண்மையிலேயே காசநோய்தானா? 1994-ல் டி.ஏ.பி. யங் என்ற மருத்துவர் பழைய குறிப்புகளையெல்லாம் மறுபடி படித்துப் பார்த்தார். ராமானுஜனுக்கு இருந்தது கல்லீரலைத் தாக்கும் அமீபா தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம் என்ற முடிவுக்கு வந்தார். மெட்ராஸில் இருந்தபோதே ராமானுஜனுக்கு வயிற்றுக்கடுப்பு வந்திருந்தது. அமீபா தொற்றுக்கு அந்தக் காலத்திலேயே மருந்து இருந்தது என்பதுதான் வேதனை.

இது நூறு சதவீதம் நிரூபிக்கக் கூடிய விஷயம் இல்லை. ஆனால் ஒன்று புரிகிறது: சரியான சிகிச்சைக்கு முதல் படி, என்ன நோய் என்பதைச் சரியாகக் கண்டுபிடிப்பது. இன்று ஆன்டிபயாடிக் பற்றி நிபுணர்கள் சொல்லும் முதல் விஷயமும் இதுதான். காய்ச்சல் வைரஸால் வந்ததா, பாக்டீரியாவால் வந்ததா என்று தெரியாமல் மாத்திரை போட்டால், நோயும் போகாது, மருந்தும் வீணாகும்.

பச்சைமலை அடிவாரத்தில் 12 படுக்கைகள்

இங்கிலாந்தில் பேரும் அனுபவமும் சம்பாதித்த பிறகு சவுரிமுத்து தாய்நாட்டுக்கு வந்தார். மெட்ராஸ் நகரத்துக்கு வெளியே, பச்சைமலைப் பக்கத்தில் இடம் பார்த்தார். இன்றைக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு நிற்கும் நமக்கு நம்பக் கஷ்டமாக இருக்கலாம். அப்போது அது ஆள் நடமாட்டம் குறைந்த, காற்றோட்டமான கிராமப்புறம். மின்சார ரயில் ஓடத் தொடங்கியதே 1931-ல்தான்.

1928-ல் சுமார் 250 ஏக்கரில், 12 படுக்கைகளோடு சானடோரியம் தொடங்கியது. மெண்டிப் மலையில் கற்றுக்கொண்டதை அவர் தாம்பரத்துக்குக் கொண்டுவந்தார்.

ஆனால் ஒரு தனி மனிதர் எவ்வளவு காலம் ஒரு மருத்துவமனையைத் தாங்க முடியும்? 1937-ல் மெட்ராஸ் மாகாண அரசு சானடோரியத்தை எடுத்துக்கொண்டது. 1940-ல் சவுரிமுத்து இறந்தார்.

அவர் இறந்தும் அந்த இடம் மூடப்படவில்லை. அரசு கையில் இருந்ததால் வளர்ந்தது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 700-க்கும் அதிகமான படுக்கைகள். ஊர்க்காரர்களுக்கு இன்றும் சானடோரியம் ஆஸ்பத்திரிதான்.

அவர் பார்க்காமல் போன மருந்து

சவுரிமுத்து இறந்து மூன்று ஆண்டுகளில், 1943-ல், அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. காசநோய்க் கிருமியைக் கொல்லும் முதல் ஆன்டிபயாடிக்.

பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இதை 107 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தது. 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசின். மற்ற 52 பேருக்கு சவுரிமுத்து காலத்து சிகிச்சை, அதாவது படுக்கையில் ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து எடுத்தவர்களில் 4 பேர் இறந்தார்கள், ஓய்வு மட்டும் எடுத்தவர்களில் 14 பேர். பெரிய வெற்றி என்று தோன்றுகிறது, இல்லையா?

ஐந்து ஆண்டுகள் கழித்து கணக்குப் பார்த்தார்கள். மருந்து எடுத்த 55 பேரில் 32 பேர் இறந்திருந்தார்கள். எடுக்காத 52 பேரில் 35 பேர். வித்தியாசம் கிட்டத்தட்ட காணாமல் போயிருந்தது.

காரணம்? ஒரே ஒரு மருந்தைக் கொடுத்ததால், அதைத் தாங்கும் கிருமிகள் மட்டும் பிழைத்துப் பெருகிவிட்டன. இதைத்தான் ஆன்டிபயாடிக் எதிர்ப்புத் திறன் என்கிறோம். எதிர்ப்புத் திறன் பெறுவது கிருமி, நம் உடம்பு இல்லை. பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இது.

தீர்வும் சீக்கிரமே கிடைத்தது. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்து, நீண்ட காலம், விடாமல் கொடுத்தால் கிருமி தப்பிக்க முடியாது. 1952-ல் ஐசோனியசிட் என்ற மலிவான மாத்திரையும் வந்தது. ஆனால் இந்தியா போன்ற நாட்டில் இதை எப்படிச் செய்வது? இருக்கும் நோயாளிகளில் மிகச் சிறு பகுதிக்குக்கூட சானடோரியங்களில் படுக்கை கிடையாது.

சேத்துப்பட்டில் கிடைத்த விடை

1956-ல் சென்னையில் காசநோய் கீமோதெரபி மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மெட்ராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து தொடங்கியது. இடம், ராமானுஜன் உயிர்விட்ட அதே சேத்துப்பட்டு. தலைமை ஏற்க லண்டனிலிருந்து வந்தவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ்.

நகரத்தின் ஏழைக் குடும்பங்களிலிருந்து 193 நோயாளிகள். பாதிப் பேருக்கு சானடோரியத்தில் சிகிச்சை: ஓய்வு, நல்ல சாப்பாடு, நர்ஸ். மீதிப் பேருக்கு அவர்கள் நெருக்கடியான வீட்டிலேயே சிகிச்சை. இரண்டு பக்கமும் ஒரே மருந்துகள், ஓர் ஆண்டு.

முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. வீட்டில் இருந்தவர்கள் சாப்பிட்டது குறைவு, ஓய்வு குறைவு, காற்றோட்டமும் இல்லை. ஆனாலும் குணமானவர்களின் அளவு ஏறத்தாழ சமம். வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் இதனால் கூடுதலாக நோய் பரவவில்லை.

மலைக்காற்றும் ஓய்வும்தான் குணப்படுத்தும் என்ற சவுரிமுத்துவின் நம்பிக்கையை, அவர் சானடோரியம் கட்டிய அதே சென்னை பொய்யாக்கியது. ஒருவருக்கு நோய் வரக் காரணங்களாக அவர் சொன்ன வறுமையும் நெரிசலும் சரிதான். ஆனால் வந்த நோயைக் குணமாக்கியது மருந்து. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனா, ஒரு சிக்கலும் கூடவே தெரிந்தது. ஆய்வுக் குழுவினர் சொல்லாமல் கொள்ளாமல் வீடுகளுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்தார்கள். பலர் மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை. உடம்பு கொஞ்சம் தேறியதும் விட்டுவிடுவது மனித இயல்பு. அவர்களைத் திட்டிப் பயனில்லை என்று புரிந்துகொண்ட குழு, மருந்தை எதிரில் வைத்தே கொடுக்கும் முறையைச் சோதிக்கத் தொடங்கியது. 1990-களில் உலக சுகாதார நிறுவனம் பரப்பிய டாட்ஸ் திட்டத்தின் வேர்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது.

ஐந்து ஆண்டுத் திட்டம் ஏன் நிலைத்தது?

இந்த மையம் தொடங்கியபோது அதற்கு வைத்த கெடு ஐந்து ஆண்டுகள். வெளிநாட்டு நிபுணர்கள் வருவார்கள், ஆய்வு முடியும், போவார்கள். பல சர்வதேசத் திட்டங்கள் இப்படித்தான் முடிகின்றன.

இது முடியவில்லை. உள்ளூர் டாக்டர்கள், நர்ஸுகள், ஆய்வக ஊழியர்கள், புள்ளியியல் நிபுணர்கள் ஆரம்பத்திலிருந்தே பயிற்சி பெற்றிருந்தார்கள். 1964-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இதை நிரந்தர நிறுவனமாக ஏற்றுக்கொண்டது. இன்று அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். ஓர் ஆண்டுக்கும் மேல் நீண்ட காசநோய் சிகிச்சை ஆறு மாதமாகக் குறைந்ததில் இதன் ஆய்வுகளுக்கும் பங்கு உண்டு.

தாம்பரத்திலும் இதே கதைதான். 1993-ல் எச்.ஐ.வி. நோயாளிகளை மற்ற இடங்களில் ஒதுக்கிய நேரத்தில், சானடோரியம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் தாக்குவது காசநோய் என்பதால் அந்த அனுபவம் கைகொடுத்தது. 2004-ல் மத்திய அரசு இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சையைத் தொடங்கிய முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் இங்கே டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் பயிற்சி தருவதில் கைகோத்தது.

சவுரிமுத்து மெண்டிப் மலைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் தனி ஆளாக ஒரு பாலம் போட்டார். அது நிலைத்ததற்குக் காரணம், அவருக்குப் பிறகு ஒரு பொது நிறுவனம் அதைத் தாங்கியது. வெளிநாட்டு உதவி வரும், போகும். இங்கேயே இருந்து வேலை செய்யும் ஆட்களும் நிறுவனமும் இருந்தால்தான் ஒத்துழைப்பு தொடரும்.

கூட்டு முயற்சி முறியவும் செய்யும்

2010-ல் என்ன நடந்தது என்று பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரும் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பாபெனம் ஆன்டிபயாடிக்குகளையே செயலிழக்கச் செய்யும் என்டிஎம்-1 என்ற நொதி கொண்ட கிருமிகளைப் பற்றியது. சென்னையில் எடுத்த மாதிரிகளில் 44, ஹரியாணாவில் 26, பிரிட்டனில் 37.

அந்த நொதியின் பெயரில் நியூ டெல்லி இருந்தது. அதுவே பெரிய சண்டையானது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்ற குற்றச்சாட்டு எழுந்தது. கிருமியைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் பெயரைப் பற்றிப் பேசுவதில் போனது.

2012-ல் சென்னையிலேயே மருத்துவர் அமைப்புகள் ஒன்றாக உட்கார்ந்து சென்னைப் பிரகடனம் என்ற செயல்திட்டத்தை உருவாக்கின. நடைமுறையில் முடிந்ததிலிருந்து தொடங்குவோம் என்பது அதன் போக்கு. 2014 மார்ச்சிலிருந்து அட்டவணை எச்-1 விதி நடைமுறைக்கு வந்தது. இதன்படி முக்கியமான சில ஆன்டிபயாடிக்குகளையும் காசநோய் மருந்துகளையும் விற்கும் மெடிக்கல் ஷாப், டாக்டர், நோயாளி விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2019-ல் கோழி, கால்நடை வளர்ப்பில் கோலிஸ்டின் மருந்துக்குத் தடை வந்தது. 2016-ல் இந்தியாவில் பெடாகுவிலின் என்ற புதிய காசநோய் மருந்து வந்தபோதும், உடனே எல்லா இடத்திலும் கொடுக்கவில்லை. சென்னை உட்பட சில நகரங்களின் குறிப்பிட்ட மையங்களில் மட்டும், கண்காணிப்போடு தொடங்கினார்கள். ஸ்ட்ரெப்டோமைசினில் கற்ற பாடம் அது.

நம்ம கையில் என்ன இருக்கு?

• சளி, இருமல், சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. டாக்டர் எழுதித் தரவில்லை என்றால் வற்புறுத்திக் கேட்காதீர்கள்.

• போன தடவை மிச்சமான மாத்திரையைப் போடுவது, மெடிக்கல் ஷாப்பில் பேர் சொல்லி வாங்குவது, ஆபீஸ் நண்பருக்குக் கொடுப்பது மூன்றும் வேண்டாம்.

• எத்தனை நாள் என்று டாக்டர் சொன்னாரோ அத்தனை நாள். நடுவில் நிறுத்தணும்னு தோணினா அவரையே கேளுங்கள். காசநோய்க்கு இது கட்டாயம். உடம்பு தேறியது போல இருந்தாலும் நிறுத்தக் கூடாது.

• இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

சவுரிமுத்துவிடம் காற்றும் பாலும் பொறுமையும்தான் இருந்தன. அவர் நோயாளிகளில் பாதிப் பேரைக் காப்பாற்றியிருக்கக் கூடிய மாத்திரைகள் இன்று தாம்பரத்தில் ஒரு பைசா செலவில்லாமல் கிடைக்கின்றன. அடுத்த முறை அந்த ஸ்டேஷனைக் கடக்கும்போது, வீட்டு அலமாரியில் பாதியில் விட்ட மாத்திரை அட்டை ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.